அன்று கங்காணியின் கண். இன்று கணினியின் கேள்வி

"கோபமாகப் பேசும் வாடிக்கையாளரைக் கண்டால் எனக்கும் கோபம் வரும்." முழுமையாக ஒப்புக்கொள்கிறீர்களா? ஓரளவு ஒப்புக்கொள்கிறீர்களா? அல்லது முற்றாக மறுக்கிறீர்களா?

தொலைபேசி நிறுவனம், வங்கி, தங்கும் விடுதி, பேரங்காடி என எந்த இடத்தில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பித்தாலும், நேர்முகத் தேர்வுக்கு முன்பே இத்தகைய வாக்கியங்கள் ஐம்பதோ நூறோ கணினித் திரையில் வந்து நிற்கக்கூடும். இதில் கணக்கு இல்லை, இலக்கணம் இல்லை, பொது அறிவும் இல்லை. "நீ எப்படிப்பட்ட ஆள்?" என்ற ஒரே கேள்விதான் பல வேடங்களில் வருகிறது.

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தோட்டப்புறத்தில் வேர்விட்ட குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வித்தாள் புதிதாகத் தோன்றலாம். ஆனால் வேலைக்கு வரும் தமிழனின் குணத்தை எடைபோடும் வழக்கம் புதிதல்ல. அதற்கு ரப்பரின் வயது.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-ஆம் ஆண்டு டான் சே யான் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசாகானில் பெரிய அளவில் ரப்பர் பயிராயிற்று. ரப்பர் விலை ஏற, பிரிட்டிஷ் கம்பெனிகள் வந்தன. அவற்றுக்கு ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னைக்கு அருகிலுள்ள ஆவடி முகாமிலிருந்தும் கப்பலேறிய தமிழர்கள் மலாக்கா தோட்டங்களின் லயங்களில் குடியமர்ந்தது இந்தக் காலத்தில்தான்.

அவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? தோட்டத்துரை உரிமச் சீட்டுக் கொடுத்து ஊருக்கு அனுப்பிய கங்காணி. அவர் தம் சொந்தக் கிராமத்துக்குப் போய், உறவிலும் சாதியிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் திரட்டினார். அவருடைய கண்தான் அன்றைய தேர்வுத்தாள். உடம்பில் வலு இருக்கிறதா, கடன் தொல்லையில் இருக்கிறானா, குடும்பத்தோடு வருவானா, சொன்ன சொல் கேட்பானா என்பதெல்லாம் கங்காணிக்குக் கேட்காமலே தெரியும். திரட்டிய ஆள் ஒவ்வொருவருக்கும் கமிஷன் உண்டு. தோட்டத்தில் அந்த ஆள் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கினால் தலைக்காசும் உண்டு. ஆகவே ஓடிப்போகாத, எதிர்த்துப் பேசாத ஆளைத் தேடுவதில் கங்காணிக்குச் சொந்த லாபமே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடிபெயர்ச்சிச் சட்டங்கள், ஒப்பந்தக் கூலியாகப் போகிறவரை அதிகாரி ஒருவர் விசாரிக்க வேண்டும் என்றன. ஒப்பந்தம் புரிந்ததா, மனமுவந்துதான் போகிறாயா என்பவையே அதன் சாரம். கடல் கடந்து போக மூட்டை கட்டிவிட்ட ஏழைக்கு அந்தக் கேள்விக்கு எத்தனை பதில் இருந்திருக்க முடியும்? ஒன்றே ஒன்று: "ஆமாங்க."

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு, இந்திய அரசு 1938-இல் தடை விதிக்கும் வரை நீடித்தது. இத்தனை ஆண்டுகளிலும் தோட்ட முதலாளிகளும் காலனி அதிகாரிகளும் எழுதிய குறிப்புகளில் தென்னிந்தியத் தொழிலாளருக்கு ஒரே அடைமொழி திரும்பத் திரும்ப வரும்: அடக்கமானவன், அடங்கி நடப்பவன். சீனத் தொழிலாளி பேரம் பேசுவான், மலாய்க்காரர் கூலி வேலைக்கு வரமாட்டார், தமிழன் சொன்னபடி செய்வான் என்று இனத்துக்கு ஒரு குணம் எழுதி வைத்தார்கள். இத்தகைய முத்திரைகள் யாருக்குப் பயன்பட்டன என்பதை மலேசிய அறிஞர் சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977-இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' பற்றிய ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்தார். முத்திரை குத்துகிறவனுக்கு மலிவான உழைப்புத் தேவைப்பட்டது என்பதே அதன் உட்பொருள்.

அந்த முத்திரை உண்மையா? மலாக்காவுக்கு வடக்கே, சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941-இல் நடந்த வேலைநிறுத்தம் இதற்குப் பதில் சொல்கிறது. ஆர். எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், துருப்புகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அரை நூற்றாண்டாக 'அடங்கி நடப்பவன்' என்று ஏட்டில் எழுதப்பட்ட ஆள், சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமைக்காக உயிரைக் கொடுத்தான். ஒருவர் வேலை போய்விடுமே என்று காட்டும் பணிவும் அவருடைய இயல்பும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் பட்டணத்துக்கு நகர்ந்தார்கள். மலாக்கா பத்து பெரெண்டாமில் 1973-இல் சீமென்ஸ் மின்னணுத் தொழிற்சாலை தொடங்கியது. இன்றைய இன்ஃபினியோன் அதன் வழித்தோன்றல். அந்தக் காலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் தேடியவை கூர்மையான கண்ணும் நுட்பமான விரலும். முதலீட்டாளரை அழைக்க மலேசியா வெளியிட்ட விளம்பர ஏடே கீழைநாட்டுப் பெண்களின் கைத்திறனைப் புகழ்ந்து பேசியது. குணத்தைப் பற்றிய அதிகப் பேச்சு அங்கே இல்லை. சிரிக்கிறாயா முறைக்கிறாயா என்று சில்லுக்குத் தெரியப்போவதில்லையே!

பிறகு வந்ததுதான் சேவைத் துறை. மலாக்கா நகரம் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. விடுதிகளும் பேரங்காடிகளும் பெருகின. 1996-இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் பின்னால் அழைப்பு மையங்கள் வளர்ந்தன. இங்கே விற்கப்படும் சரக்கே ஊழியரின் மனநிலைதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-இல் எழுதிய நூலில் விமானப் பணிப்பெண்களின் புன்னகையையும் கடன் வசூலிப்பவர்களின் கடுமையையும் ஆராய்ந்து, உணர்ச்சியும் ஓர் உழைப்பே என்று காட்டினார். தோட்டத்தில் யாரும் யாருக்கும் புன்னகையைக் கூலிக்கு விற்கவில்லை. கிராணியின் சிரிப்பைப் பார்த்தவர்களே அரிது.

சரி, இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன? அவற்றின் பிறப்பிடம் கடையும் அல்ல, அலுவலகமும் அல்ல, போர்க்களம். முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கும் சிப்பாய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க, அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் வுட்வர்த் 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லும் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளைத் தயாரித்தார். பெருமளவில் பயன்படுத்துவதற்குள் போரே முடிந்துவிட்டது. அடுத்து மருத்துவமனை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்தவேயும் மெக்கின்லியும் 1943-இல் வெளியிட்ட கேள்வித்தாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள் இருந்தன. நோயாளியை அறியப் பிறந்த அது, வேலை கேட்டு வந்தவர் மேலும் பாய்ந்தது.

மற்றொரு கிளை அகராதியிலிருந்து வந்தது. ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இருவர் 1936-இல் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதரை வருணிக்கும் சுமார் 18,000 சொற்களைப் பொறுக்கினார்கள். பின்வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து, கடைசியில் ஐந்து குணங்களில் கொண்டு நிறுத்தினார்கள்: பொறுப்புணர்வு, இணங்கிப் போதல், கலகலப்பு, மன நிதானம், புதியதை ஏற்கும் மனம். வாடிக்கையாளர் சேவைக்கென்றே 'சேவை மனப்பான்மை'யை அளக்கும் முறையை ராபர்ட் ஹோகன், ஜாய்ஸ் ஹோகன் உள்ளிட்டோர் 1984-இல் வெளியிட்டார்கள். ஆங்கில அகராதியில் கிடைத்த சல்லடையால் உலகம் முழுவதையும் சலிக்கலாமா என்ற கேள்வி அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

இந்தச் சோதனைகளால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேரிக், மவுன்ட் இருவரும் 1991-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வு எல்லா வகை வேலைக்கும் துணைபுரிவது தெரிந்தது. ஆனால் எவ்வளவு? முழுப் பொருத்தத்துக்கு 1 என்று வைத்தால், கிடைத்த அளவு சுமார் 0.22. வேலைத் திறனில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைத்தான் அது விளக்குகிறது. மீதி 95 விழுக்காடு பயிற்சி, அனுபவம், மேலாளர், சம்பளம், வீட்டுச் சூழல் என வேறு எங்கோ இருக்கிறது. ஆயிரம் பேரைச் சலிக்கும் நிறுவனத்துக்கு அந்த 5 விழுக்காடு லாபம். வேலை கிடைக்காமல் வீடு திரும்பும் ஒருவருக்கு அது தீர்ப்பு அல்ல.

தோட்டப்புறத்து இளைஞர் இடறி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு. "நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை", "எனக்கு யார் மேலும் கோபம் வந்ததே இல்லை" போன்ற வாக்கியங்கள் நடுநடுவே வரும். மினசோட்டா கேள்வித்தாளில் இதற்கென்றே 15 வாக்கியங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் எழுதுகிறவரை, தம்மை மிகைப்படுத்திக் காட்டுகிறார் என்று அது குறித்துக்கொள்ளும். முதலாளி கேட்டால் 'சரிங்க' என்று சொல்லப் பழகிய வீட்டில் வளர்ந்தவர், இந்த வாக்கியங்களையும் மரியாதைக்கான சோதனை என்று எண்ணி ஒப்புக்கொள்ளக்கூடும். பாட்டனுக்கு வேலை வாங்கித் தந்த 'ஆமாங்க', பேரனுக்கு எதிராகத் திரும்பும் விந்தை இது.

மற்றொரு சிக்கல் மொழி. கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது மலாயில் இருக்கும். "நான் எளிதில் சோர்ந்துபோகாதவன் அல்ல" என்பது போன்ற இரட்டை மறுப்பு வாக்கியத்தைத் தாய்மொழியிலேயே இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. ஒரே செய்தியை வேறு சொற்களில் இரண்டு இடங்களில் கேட்டு, பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் உண்டு. மொழி தடுமாறினால் பதிலும் முரண்படும். முரண்பட்டால் குணமே நிலையற்றது என்று கணினி எழுதிவிடும். குறை இருந்தது வாசிப்பில், மதிப்பெண் குறைந்தது குணத்தில்!

அப்படியானால் எப்படித்தான் பதில் எழுதுவது? வில்லியம் வைட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1956-இல் எழுதிய 'நிறுவன மனிதன்' நூலின் பின்னிணைப்பில், இத்தகைய சோதனைகளை ஏமாற்றும் வழிகளையே கற்றுக் கொடுத்தார். ஊரோடு ஒத்துப்போகும் சராசரிப் பதிலைச் சொல் என்பதே அதன் சாரம். இன்றைய சோதனைகள் அதைத் தாண்டிவிட்டன. இரண்டு நல்ல குணங்களைக் காட்டி, எது உனக்கு அதிகம் பொருந்தும் என்று கேட்கும் வகையும் வந்துவிட்டது. அவசரமின்றிப் படிப்பதும், கோபம் வருவதை ஒப்புக்கொண்டு அதைக் காட்டாமல் வேலையை முடிப்பேன் என்ற நிலையில் நின்று பதில் சொல்வதும், வீட்டில் எப்படி என்பதைவிட வேலையிடத்தில் எப்படி என்று எண்ணிப் பார்ப்பதும்தான் நியாயமான வழிகள். நாள் முழுவதும் அந்நியரோடு பேசுவது உண்மையிலேயே பிடிக்காதவர் பொய் எழுதி உள்ளே போனால், மாதக் கணக்கில் அவதிப்படப் போகிறவரும் அவரே.

கேட்கிறவருக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவில் டார்கெட் கடைகளின் காவல் பணிக்கு விண்ணப்பித்தவர்களிடம் சமய நம்பிக்கை, பாலியல் நாட்டம் பற்றியெல்லாம் கேட்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அவை வேலைக்குத் தொடர்பில்லாத, அந்தரங்கத்தில் நுழையும் கேள்விகள் என்று 1991-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. 1993-இல் நிறுவனம் இருபது லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகைக்குச் சமரசம் செய்துகொண்டது.

மலேசியாவில் வேலைச் சட்டத்தில் பாகுபாடு பற்றிய புதிய பிரிவு 2023 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஆனால் அதன் வாசகம் பேசுவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறு பற்றி. வேலைக்கு இன்னும் எடுக்கப்படாதவரை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. விண்ணப்பதாரருக்கு நேரடியாகக் கைகொடுப்பது 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2013 நவம்பரில் நடப்புக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, உடல்நலம், மனநலம் பற்றிய விவரங்கள் உணர்வுமிக்க தரவுகள்; பொதுவாக வெளிப்படையான சம்மதம் பெற்றே அவற்றைக் கையாள வேண்டும். தம்மைப் பற்றி ஒரு தனியார் நிறுவனம் சேர்த்து வைத்திருக்கும் தரவுகளைக் காட்டும்படி எழுத்து மூலம் கேட்கும் உரிமையும், சில விலக்குகள் நீங்கலாக, எவருக்கும் உண்டு. கங்காணி மனத்தில் போட்ட கணக்கை அந்தக் காலத்தில் யாரும் கேட்டுப் பார்க்க முடிந்ததில்லை. கணினி போட்ட கணக்கை ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.