நிலம், வாக்கு, வரைபடம்: புரூக்ளினின் ஒரு தெரு



அலிசா கோலின் ‘வென் நோ ஒன் இஸ் வாட்சிங்’ 2020இல் வெளிவந்த திகில் நாவல். புரூக்ளினில் கறுப்பின மக்கள் காலங்காலமாக வாழும் ஒரு தெரு. வசதியான வெள்ளையர்கள் குடியேறக் குடியேற, பழைய அண்டை வீட்டார் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். சுற்றுலா வழிகாட்டி பணக்கார வெள்ளையர் கதையை மட்டும் சொல்வதைக் கேட்டுக் கொதித்த சிட்னி கிரீன், தன் மக்களின் வரலாற்றைச் சொல்ல ஒரு நடைப்பயணம் தயாரிக்கிறாள். தெரு கற்பனை, அவள் தேடும் வரலாறு உண்மை.

நியூயார்க் மாநிலத்தின் 1821 அரசியல் சட்டம், கறுப்பின ஆண்கள் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும் என்றது. வெள்ளையருக்கோ சொத்து நிபந்தனையை விலக்கியது. அடிமைமுறை அங்கே 1827இல்தான் முற்றாக ஒழிந்தது. ஆக, அம்மக்களுக்கு நிலம்தான் வாக்குச்சீட்டு. 1838இல் ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி புரூக்ளினில் மனை வாங்கினார். அதைச் சுற்றிப் பள்ளியும் தேவாலயங்களும் பத்திரிகையுமாக வீக்ஸ்வில் எழுந்தது. 1863 கலவரத்தில் மன்ஹாட்டனில் கறுப்பினத்தவர் வேட்டையாடப்பட்டபோது, தப்பியவர்கள் இங்கே அடைக்கலம் புகுந்தார்கள்.

மன்ஹாட்டனில் இதேபோல் உருவான செனகா கிராமம் 1857இல் சென்ட்ரல் பூங்காவுக்காக அழிக்கப்பட்டது. அங்கே பலர் சொந்த மனைக்காரர்கள். ஆனாலும் பத்திரிகைகள் அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதின. முதலில் பெயரைக் கெடுத்தார்கள், பிறகு வீட்டை இடித்தார்கள்.

1930களில் கருவி மாறியது. அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடங்களில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் சிவப்பு நிறம் பெற்றது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. கடன் கிடைக்காத வீடு பழுதாகும். பழுதான வீட்டின் விலை சரியும். சரிந்த விலைக்கு வாங்க வருகிறவருக்குக் கடன் தாராளமாகக் கிடைக்கும். பிறகு வாடகையும் வரியும் ஏறும். இதற்கு ‘வளர்ச்சி’ என்று பெயர். நாவலில் வரும் திகில் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

வீக்ஸ்வில்லும் மறக்கப்பட்டது. 1968இல் விமானத்திலிருந்து தேடியவர்களின் கண்ணில் பழைய பாதையோரம் நின்ற சில மரவீடுகள் பட்டன. அப்பகுதி மக்களும் மாணவர்களும் போராடி அவற்றைக் காப்பாற்றினார்கள்.

1873இல் ஃபுலே ‘குலாம்கிரி’யை அடிமை ஒழிப்புக்குப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த உறவு நமக்குப் பழையது. பஞ்சமி நிலத்தைத் தேடும் நமக்கு, ஆவணம் தொலைந்தால் நிலமும் தொலையும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் சேரியின் பழைய பட்டாவையும் வரி ரசீதையும் பாட்டிமாரின் நினைவுகளையும் இப்போதே படியெடுத்து வையுங்கள். இடிப்பதற்கு வருகிறவர்கள் கையில் ஒரு வரைபடம் இருக்கும். நம் கையிலும் ஒன்று இருக்கட்டும்.

ஜெய் பீம்.