குக்கீ கதை: டோக்கன் ஒற்றன் ஆன வரலாறு

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். பஸ் டிக்கெட் எடுக்க கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறார். பாதித் திரையை மறைச்சுக்கிட்டு ஒரு பெட்டி வந்து நிக்குதாம்.

"குக்கீஸை ஏத்துக்கிறீங்களான்னு கேக்குதுடா. வேண்டாம்னு சொன்னா டிக்கெட் தருவானா மாட்டானா?"

"தருவான் சித்தப்பா, வேண்டாம்னே அழுத்துங்க."

"வேண்டாம்ங்கிற பட்டனையே காணோமேடா!"

சிரிப்பு வந்தாலும், அந்தக் காணாமல் போன பட்டனுக்குப் பின்னாடி முப்பது வருஷக் கதை இருக்கு. கேளுங்க.

ஆரம்ப கால இணையத்துக்கு ஒரு வியாதி உண்டு. மறதி. ஒரு பக்கத்தை அனுப்பி முடிச்ச அடுத்த நொடி சர்வர் உங்களை மறந்துடும். திரும்பப் போனால் யாரோ புது ஆள் வந்த மாதிரிதான் பார்க்கும். வெறுமனே படிக்கிறதுக்கு இது போதும். கடை நடத்த முடியுமா? கூடையில் ரெண்டு பொருளைப் போட்டுட்டு மூணாவதைத் தேடப் போனால் கூடையே மாயமாயிடும்.

1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி என்ற இளைஞர் இதுக்கு மருந்து கண்டுபிடிச்சார். கோயில் வாசல்ல செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவாங்க இல்லையா, அதே சங்கதி. சர்வர் ஒரு சின்னக் குறிப்பை உங்க உலாவியிடம் கொடுக்கும். அடுத்த தடவை போகும்போது உலாவி அதைக் காட்டும். "ஓ, நீங்களா, உங்க கூடை இதோ!" அந்தக் குறிப்புக்குப் பேர்தான் குக்கீ.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு உலாவிக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்துட்டால் இதைவிடச் சுலபம். அப்படிச் செஞ்சால் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஒரு ஆளைப் பின்தொடரலாமே என்றுதான் மாண்டுல்லி அதை வேண்டாம்னு ஒதுக்கினார். ஒரு கடை கொடுத்த டோக்கனை இன்னொரு கடை பார்க்க முடியாது. அதுதான் குக்கீயின் அடிப்படை விதி. ஆக, அந்தரங்கத்தைக் காக்க நினைச்சுப் பிறந்த குழந்தை இது.

ஓட்டை எங்கே விழுந்தது? ஒரு பக்கத்துக்குள் வேறு சர்வரிலிருந்து விளம்பரப் படம் வரலாம். அந்தப் படத்தை அனுப்புறவரும் தன் பங்குக்கு ஒரு டோக்கன் கொடுப்பார். ஆயிரம் கடையிலும் அவர் ஆள் ஒருத்தர் மூலையில் உட்கார்ந்திருக்கார்னு வைங்க. நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் அவருடைய டோக்கனை அவரிடமே காட்டுறீங்க. காலையில் மருந்துக்கடை, மத்தியானம் நகைக்கடை, எல்லாம் ஒரே நோட்டில் ஏறிடும். மூன்றாம் தரப்புக் குக்கீன்னு சொல்றது இதைத்தான்.

1996 பிப்ரவரியில் லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை எழுதின பிறகுதான் குக்கீன்னு ஒண்ணு இருக்கிறதே பொதுஜனத்துக்குத் தெரிய வந்தது. 1997 பிப்ரவரியில் வெளியான முதல் குக்கீத் தரநிலை, மூன்றாம் தரப்புக் குக்கீயை உலாவிகள் தாமாக அனுமதிக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சது. எழுதின ரெண்டு பேரில் மாண்டுல்லியும் ஒருத்தர்! ஆனால் நெட்ஸ்கேப்பும் சரி, மைக்ரோசாஃப்டும் சரி, அந்த வரியைச் சட்டை பண்ணவே இல்லை. தடுத்தால் விளம்பரக்காரங்க கண்ணுக்கே தெரியாத வேற வழி பண்ணுவாங்க, குக்கீன்னா பயனராவது அழிக்க முடியும் என்பது மாண்டுல்லியின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்னையிலிருந்து காவல் காக்கிற வேலை பயனர் தலையில் விழுந்தது.

அடுத்து வந்தது 'என்னைப் பின்தொடராதே' என்ற வசதி. 2011 மார்ச்சில் வந்த நெருப்புநரி 4-ல் இருந்தது. உலாவி ஒரு வேண்டுகோளை அனுப்பும், அவ்வளவுதான். மதிக்கணும்னு கட்டாயம் இல்லை. 2012-ல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் அதைத் தானாகவே இயக்கி வெச்சதும், இது பயனரின் விருப்பமே இல்லைன்னு விளம்பரக் கம்பெனிகள் கையை விரிச்சுட்டாங்க. கடைசியில், அந்த வேண்டுகோளையே ஆளை அடையாளம் காணப் பயன்படுத்தலாம் என்று சொல்லி 2019-ல் ஆப்பிள் அதை சஃபாரியிலிருந்து தூக்கியது. திருடாதேன்னு கதவில் எழுதிப் போட்டால், அதுவே வீட்டு அடையாளமாப் போன கதை.

சட்டம் வந்தது. ஐரோப்பாவில் 2009-ல் திருத்தின விதியும், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து, சம்மதம் கேளுன்னு தளங்களுக்குச் சொன்னது. தளங்களும் கேட்டாங்க. எப்படி? 'ஏற்கிறேன்' பளிச்சுன்னு பெரிசா, 'வேண்டாம்' நாலு திரைக்கு உள்ளே. சித்தப்பா தேடின பட்டன் அங்கேதான் இருக்கு.

நிஜமாகவே வேலை செஞ்சது என்னன்னு பார்த்தால், யாரையும் கேட்காமல் தடுத்ததுதான். 2019 செப்டம்பரில் நெருப்புநரி, தெரிஞ்ச வேவுக் குக்கீகளை எல்லாருக்கும் தானாகவே தடுத்தது. 2020 மார்ச்சில் சஃபாரி மூன்றாம் தரப்புக் குக்கீகளை மொத்தமாகத் தடுத்தது. குரோம்? ரெண்டே வருஷத்தில் ஒழிச்சுடுவோம்னு 2020 ஜனவரியில் அறிவிச்சாங்க. அப்புறம் 2023, அப்புறம் 2024, அப்புறம் 2025 என்று வாய்தா வாங்கினாங்க. 2024 ஜூலையில் ஒழிக்கும் திட்டத்தையே கைவிட்டாங்க. விளம்பரத்தில் சம்பாதிக்கிற கம்பெனிதான் அந்த உலாவியையும் செய்யுதுங்கிறதை மறந்துடாதீங்க.

முப்பது வருஷத்தில் நான் கத்துக்கிட்ட பாடம் இதுதான். நம்மிடம் கேள்வி கேட்கிற பெட்டி நம்மைக் காப்பாத்தாது. பெரும்பாலானவங்க செட்டிங்க்ஸ் பக்கமே போறதில்லை. பொட்டி வரும்போது எப்படி வருதோ, அதுதான் அவங்களுக்குச் சட்டம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, சித்தப்பா குரோமில் செட்டிங்க்ஸைத் திறந்து மூன்றாம் தரப்புக் குக்கீயை நானே அடைச்சுட்டு வந்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. தோணவே இல்லை. அடுத்த தடவை முதல் வேலை அதுதான். நீங்களும் உங்க வீட்டுப் பெரியவங்களுக்குச் செஞ்சு கொடுங்க மக்களே. அந்தப் பெட்டி என்னவோ அப்பவும் வந்து நிக்கும். அது வேற கதை :-)