பதினைந்து காபன் கொண்ட ஒரு வால்: புற்றுநோய்க்காகத் தேடிய மருந்து போய்ச் சேர்ந்த இடம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே வாசியுங்கள், மற்றவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 12க்குக் கலமென்சவ்வு பாடம். கரும்பலகையில் பொஸ்போ இலிப்பிட்டு இரட்டைப் படையை வரைந்து, அதற்குள் உருளைக்கிழங்கு மாதிரி நாலைந்து புரதங்களையும் வரைந்து முடித்தோம். பின்வாங்கில் இருந்து ஒரு மாணவன் எழும்பினான். "சேர், புரதத்தில நிறையச் சாமான் தண்ணியில கரையும் எண்டு சொன்னீங்க. அப்ப எண்ணெய்ப் படையில அது எப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது?"

சில புரதங்கள் ஊடுருவி நிற்கும், சில புரதங்களுக்குக் கலமே ஒரு கொழுப்பு வாலைப் பூட்டி விடும், அந்த வாலால் அவை மென்சவ்வில் குத்தி நிற்கும் என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. வால் என்ற சொல்லோடு விட்டுவிட்டு வந்தோம். ஆனால் அந்த வாலுக்கு ஒரு வரலாறு உண்டு. பாடப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

கதை ஒரு காளானில் தொடங்குகிறது. 1970களின் கடைசியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் மதுவம் போன்ற பங்கசுகள் ஒன்றையொன்று எப்படி இணை தேடுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பங்கசுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. ஓர் இனம் சிறியதொரு புரதத் துண்டை வெளியே விடும், மற்ற இனம் அதை உணர்ந்து தயாராகும். அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்தபோது வெறும் 11 அமினோவமிலங்கள். ஆனால் கடைசியில் இருந்த சிஸ்டீனில், கந்தக அணுவைப் பிடித்துக்கொண்டு, 15 காபன் நீளமான ஒரு கொழுப்புச் சங்கிலி தொங்கியது. பார்னசில் என்பது அதன் பெயர்.

பெயரைப் பற்றி ஒரு சின்ன இடைச்செருகல். ரோமாபுரியில் பார்னேசே என்றொரு பெரிய கர்தினால் குடும்பம். 17ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய தோட்டத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேல மரம் வளர்ந்தது, மஞ்சள் பூ, நல்ல வாசம். மரத்துக்குத் தோட்டத்தின் பெயர் ஒட்டியது, பூவின் வாசனைப் பொருளுக்கு மரத்தின் பெயர் ஒட்டியது, கடைசியில் எங்கள் கலத்துக்குள் இருக்கும் வாலுக்கும் அதே பெயர். விஞ்ஞானப் பெயர்களைப் பாடமாக்கிக் களைத்துப்போகும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கதை சொன்னால் பெயர் மறக்காது.

அந்த ஜப்பானிய ஆய்வைப் பங்கசுக்காரர்களைத் தவிர வேறு யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மனித உடலில் இப்படி ஒன்று இருக்கும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

இரண்டாவது இழை எங்கள் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. உம்மா, வாப்பாமார் கிளினிக்கில் இருந்து மாதாமாதம் எடுத்துவரும் கொலஸ்ட்ரோல் குளிசையின் பெயர் "ஸ்டாட்டின்" என்று முடியும், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அந்த வகை மருந்தை முதலில் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பங்கசுகளைச் சோதித்து, கடைசியில் கியோட்டோ நகரத் தானியக் கடையொன்றின் அரிசியில் இருந்து எடுத்த நீலப் பூஞ்சணத்தில் அதைப் பிடித்தார். கலம் கொலஸ்ட்ரோலை உருவாக்கும் நீண்ட பாதையில் மெவலோனேற்று என்ற பொருள் உருவாகும் படியை அது மறிக்கிறது.

இந்த மருந்தை ஆய்வுகூடக் கலங்களுக்கு நிறையக் கொடுத்தபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. கலங்கள் பிரிவதை நிறுத்தின. கொலஸ்ட்ரோல் இல்லாததால்தான் என்று நினைத்து வெளியிலிருந்து கொலஸ்ட்ரோலைக் கொடுத்தார்கள். சரிவரவில்லை. மெவலோனேற்றைக் கொடுத்தால்தான் கலம் மீண்டது. அப்படியானால் மெவலோனேற்றில் இருந்து கொலஸ்ட்ரோலைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் கலத்துக்கு அவசியம். அது என்ன?

1984இல் சியாட்டிலில் ஜோன் கிளம்செற்றும் அவரது குழுவினரும் கதிர்வீச்சு அடையாளமிட்ட மெவலோனேற்றை எலிக் கலங்களுக்குக் கொடுத்து, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். அடையாளம் புரதங்களில் இருந்தது! கொழுப்பாக்கும் பாதையில் போன பொருள் புரதத்தில் என்ன செய்கிறது? கரைப்பான்களால் எவ்வளவு கழுவியும் அது வரவில்லை, அவ்வளவு உறுதியான பிணைப்பு. சில வருடங்களில் விடை வந்தது: கருவின் உட்சுவரில் இருக்கும் லமின் என்ற புரதத்தில் அதே பார்னசில். காளானின் வால் எங்களிடமும் இருக்கிறது. லமின் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்பவும் வரும்.

மூன்றாவது இழை புற்றுநோய். எலிகளில் கட்டியை உண்டாக்கும் வைரசுகளில் இருந்து ராஸ் என்ற பரம்பரையலகு தெரியவந்திருந்தது. 1982இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கலமொன்றிலும் அதே ராஸ், ஒரேயொரு எழுத்து மாறிய நிலையில் அகப்பட்டது. அதனால் 189 அமினோவமிலங்களில் 12ஆவது மட்டும் கிளைசினுக்குப் பதிலாக வலின்.

ராஸ் ஒரு ஆளி. வெளியே இருந்து வளர்ச்சிக் காரணி வந்து வாங்கிப் புரதத்தில் அமரும். வாங்கி தன் உட்பக்கத்தில் உதவிப் புரதங்களைக் கூட்டிச் சேர்க்கும். அவை பக்கத்தில் நிற்கும் ராஸைத் திறந்து ஜீ.ரீ.பீ.யை ஏற்ற, ஆளி 'ஒன்' ஆகும். கலம் பிரிய வேண்டும் என்ற சமிக்ஞை உள்ளே போகும். வேலை முடிந்ததும் ராஸ் தானே 'ஓஃப்' ஆகிவிடும். 12ஆம் இடத்தில் வலின் வந்தால் ஓஃப் ஆவதில்லை.

இதில் "பக்கத்தில் நிற்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ராஸ் கலத்தின் நீர்ப்பகுதியில் மிதந்து திரிந்தால் ஒன்றும் நடக்காது. 1984இலேயே ஆய்வாளர்கள் ராஸின் வாலில், கடைசியிலிருந்து நாலாவதாக இருக்கும் 186ஆம் சிஸ்டீனை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். விகாரமடைந்த அந்த ராஸ் மென்சவ்வுக்குப் போகவுமில்லை, கலத்தைக் கெடுக்கவுமில்லை. அந்த சிஸ்டீனில் பாமிற்றிக் அமிலம் ஒட்டுகிறது என்றுதான் முதலில் நம்பினார்கள். 1989இல்தான் அது பார்னசில் என்று தெரிந்தது. பாமிற்றிக் அமிலம் ஒட்டுவது அதற்குப் பக்கத்தில் உள்ள வேறு சிஸ்டீன்களில், அதுவும் சில ராஸ்களில் மட்டும்.

எமக்கு மிகவும் பிடித்த பரிசோதனை 1994இல் நடந்தது. ராஸின் சமிக்ஞையை அடுத்ததாக வாங்கும் புரதம் ராஃப். ராஸின் வால் பகுதியை மட்டும் வெட்டி ராஃபின் முனையில் ஒட்டினார்கள். ராஃப் நேரே மென்சவ்வுக்குப் போய், ராஸின் உதவியே இல்லாமல் வேலையைத் தொடங்கியது! ராஸ் செய்துகொண்டிருந்த முக்கியமான காரியம் ராஃபை உரிய இடத்துக்கு அழைத்துப்போவது என்று அப்போது விளங்கியது. சமிக்ஞை என்றால் ஏதோ மின்சாரம் ஓடுவது போல நாம் படம் வரைகிறோம். உள்ளே நடப்பதில் பாதி, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான்.

அடுத்த யோசனை யாருக்கும் வரும். வாலை ஒட்டவிடாமல் தடுத்தால் புற்றுநோய் நிற்குமே? ஸ்டாட்டினால் முடியாது, அதற்குத் தேவைப்படும் அளவு மிக அதிகம். டலஸ் நகரில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும், 1985இல் கொலஸ்ட்ரோல் ஆய்வுக்கு நோபல் பரிசு பெற்ற அதே இருவர்தான், சகாக்களோடு 1990இல் எலி மூளையிலிருந்து வாலை ஒட்டும் நொதியத்தையே பிரித்தெடுத்தார்கள். ராஸின் கடைசி நான்கு அமினோவமிலங்களைப் போன்ற ஒரு துண்டைக் காட்டினால் நொதியம் ஏமாந்துபோகும் என்பதையும் கண்டார்கள். மருந்துக் கம்பனிகள் ஓடிவந்தன. 1995இல் ராஸ் புகுத்திய எலிகளின் கட்டிகள் இந்த வகை மருந்தால் சுருங்கின, எலிகளுக்குப் பெரிய தீங்கும் இல்லை. அந்த நாட்களின் உற்சாகத்தை நினைத்துப் பாருங்கள்.

பிறகு மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். கணையப் புற்றுநோயில் பெரும்பாலானோருக்கு ராஸ் விகாரம் இருக்கும், அதனால் மிகப் பொருத்தமான சோதனைக்களம். 688 நோயாளிகள். வழமையான மருந்தோடு டிபிபார்னிப் சேர்த்து எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 193 நாட்கள். சேர்க்காதவர்களுக்கு 182. பதினொரு நாள் வித்தியாசம், அதுவும் புள்ளிவிபரக் கணக்கில் நிற்காத வித்தியாசம். முடிவு 2004இல் வெளியானது.

ஏன் தோற்றது? ராஸ் என்று ஒன்றில்லை, எச்-ராஸ், கே-ராஸ், என்-ராஸ் என்று சகோதரர்கள். எலிப் பரிசோதனைகளில் பெரும்பாலும் பயன்பட்டது எச்-ராஸ். மனிதப் புற்றுநோயில் கூடுதலாகக் கெட்டுப்போவது கே-ராஸ். பார்னசில் கிடைக்காவிட்டால் கே-ராஸ் சும்மா இருப்பதில்லை. பக்கத்து நொதியத்திடம் போய் 20 காபன் நீளமான வேறொரு வாலை வாங்கிப் பூட்டிக்கொள்ளும். முன்வாசலைப் பூட்டினார்கள், அது பின்வாசலால் வந்தது. இது 1997இலேயே ஆய்வுகூடத்தில் தெரிந்திருந்தது என்பதுதான் எமக்கு இன்றும் மனதை உறுத்துவது. அதற்குள் கம்பனிகள் வெகுதூரம் போயிருந்தன.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

1998இல் அமெரிக்காவில் மருத்துவத் தம்பதியர் லெஸ்லி கோர்டன், ஸ்கொட் பேர்ன்ஸ் ஆகியோரின் மகன் சாமுக்குப் புரோஜெரியா என்று கண்டறியப்பட்டது. அப்போது பிள்ளைக்கு இரண்டு வயதும் ஆகவில்லை. சிறுவயதிலேயே முதுமை போன்ற தோற்றம், முடி உதிர்வு, இரத்தக்குழாய் இறுக்கம். சிகிச்சையின்றிச் சராசரி ஆயுள் 14 வருடங்களுக்குச் சற்று அதிகம், மரணம் பெரும்பாலும் மாரடைப்பால் அல்லது பாரிசவாதத்தால். அந்த நோயை ஆராய ஆளுமில்லை, பணமுமில்லை. பெற்றோர் குடும்பத்தாரோடு சேர்ந்து 1999இல் புரோஜெரியா ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2003இல் காரணம் தெரிந்தது: லமின் ஏ புரதத்தின் பரம்பரையலகில் ஓர் எழுத்துப் பிழை.

லமின் ஞாபகம் இருக்கிறதா? லமின் ஏ உருவாகும்போது அதற்கும் பார்னசில் வால் பூட்டப்படும். பிறகு ஒரு நொதியம் வாலிருக்கும் முனையை வெட்டி எறியும், லமின் விடுபட்டு கருவின் வலைக்குள் போகும். அந்த எழுத்துப் பிழையால் புரதத்தில் 50 அமினோவமிலங்கள் விடுபட்டுப்போகின்றன, வெட்ட வேண்டிய இடமும் அந்த ஐம்பதுக்குள்தான் இருக்கிறது. வால் அறுபடாத அந்தப் புரதம், பெயர் புரோஜெரின், கருவின் சுவரில் ஒட்டியபடியே கிடந்து சுவரைக் கோணலாக்குகிறது. ராஸுக்கு வால் இல்லாவிட்டால் வேலையில்லை. லமினுக்கு வால் போகாவிட்டால் ஆபத்து.

வாலை ஒட்டவிடாத மருந்துகள் கம்பனிகளின் இறாக்கைகளில் சும்மா கிடந்தன. 2005இல் பல ஆய்வுகூடங்கள் அவற்றை இந்தக் கலங்களுக்குக் கொடுத்துப் பார்த்தன. கோணல் கருக்கள் பெருமளவு சீராகின. அறிமுகமில்லாத புது மருந்தாக இருந்திருந்தால் பாதுகாப்புச் சோதனைகளுக்கே பல வருடங்கள் போயிருக்கும். லோனபார்னிப் ஏற்கனவே புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. அதனால் 2007இலேயே பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் சோதனை தொடங்கியது. 16 நாடுகளிலிருந்து 28 பிள்ளைகள், சாமும் அவர்களில் ஒருவர். 2012இல் வெளியான முடிவுகளில் சிலருக்கு நிறை கூடியிருந்தது, சிலருக்கு இரத்தக்குழாயின் இறுக்கம் குறைந்திருந்தது. 2018இல் வந்த ஒப்பீட்டில், மருந்து எடுத்த 27 பேரில் ஒருவர் மரணித்திருந்தார், எடுக்காத 27 பேரில் 9 பேர்.

சாம் 2014 ஜனவரியில் காலமானார். வயது 17. பாடசாலை வாத்தியக் குழுவில் மேளம் அடிக்க ஆசைப்பட்டு, தன் உடல் தாங்கும் நிறையில் ஒரு தாங்கியைச் செய்வித்து அடித்த பிள்ளை. அவரது உரை இணையத்தில் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள்.

2020 நவம்பர் 20இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் லோனபார்னிப்பை அங்கீகரித்தது. புரோஜெரியாவுக்கென அங்கீகரிக்கப்பட்ட முதல் மருந்து. பூரண சுகம் தருவதில்லை, 11 வருடக் கண்காணிப்பில் சராசரியாக இரண்டரை வருட ஆயுளைக் கூட்டியிருக்கிறது. ராஸுக்கும் பிறகு வேறு வழியில் மருந்து வந்தது: வாலை விட்டுவிட்டு, 12ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்த கே-ராஸை நேரடியாகப் பிடிக்கும் சொட்டோராசிப், 2021இல். அது தனிப் பதிவுக்கான விடயம்.

திங்கட்கிழமை தரம் 12க்கு இரண்டாம் பாடவேளை. பின்வாங்கு மாணவனுக்காக இந்த முறை உருளைக்கிழங்குக்கு ஒரு வாலும் வரைவோம். "இது பரீட்சைக்கு வருமா சேர்?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வராது.