அச்சிட்ட குவில்ட் துணிகள்

குவில்ட் என்னும் பஞ்சடைத்த தையல் போர்வைக்கு மேல்துணியாகும் அச்சுத்துணிகள் இவை. முழு ஓவியத்தைத் தாங்கியது பேனல். பல துண்டுகளை ஒட்டுப்போட்டதுபோன்ற தோற்றம் அச்சானது சீட்டர் துணி.

பேனலின் வரலாற்றில் சோழமண்டலக் கரைக்கும் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலேறிய, பூமரம் தீட்டிய பாலம்போர் விரிப்புகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குவில்ட்டின் நடுத்துணியாயின. பின்னர் பிலடெல்பியாவில் ஜான் ஹியூசன் பூச்சாடி உருவங்களை மர அச்சால் பதித்தார். பிரிட்டனில் மூன்றாம் ஜார்ஜ் அரியணையேறிய 50ஆம் ஆண்டுக்கும், 1813இல் தளபதி வெலிங்டன் பெற்ற விட்டோரியா வெற்றிக்கும் நினைவுப் பேனல்கள் வெளிவந்தன. சீட்டர் துணி 19ஆம் நூற்றாண்டில், உருளை அச்சு துணிவிலையைக் குறைத்த பிறகு பரவியது.

பேனலில் அச்சு பெரும்பாலும் இழைக்கு நேராக அமையாது, ஓரங்கள் கோணும். ஆகவே நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, சதுரம் பார்த்த பின்பே வெட்ட வேண்டும். அளவு போதாவிட்டால் சுற்றிலும் கரைத்துணி இணைப்பது வழக்கம். சீட்டர் துணியில் அச்சான இணைப்புக்கோடுகளின் மேலேயே தையல் ஓட்டினால் உண்மையான ஒட்டுவேலைக்கு மிக நெருங்கிய தோற்றம் கிட்டும். புதிதாகத் தைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சித்துணி இல்லை.

இவற்றைக் குறுக்குவழி என ஒதுக்குவது சரியன்று. மேல்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் பிணைக்கும் தையலே குவில்ட். அந்த உழைப்பை எந்த அச்சும் குறைப்பதில்லை.