பிரிண்டரே இல்லாத சர்வரில் பிரிண்டர் சேவை எதற்கு?

லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்க்கும் நம் முன்னாள் மாணவ நண்பர்களுக்கும், நாளை மேய்க்கப்போகும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு பழைய கதை. நடந்தது 2001 ஜனவரியில்.

அப்போது ரெட் ஹேட் லினக்ஸ் 6.2, 7.0 பதிப்புகள் பரவலாக ஓடிக்கொண்டிருந்தன. சிடியைப் போட்டு நிறுவினால் எல்லாமே உடனே வேலை செய்யணும் என்பது அந்நாளைய எண்ணம். ஆகவே எஃப்டிபி, என்எஃப்எஸ்ஸுக்குத் துணையான ஸ்டாட்டிடி, பிரிண்டருக்கு எல்பிடி என்று யாரும் கேட்காத சேவைகளெல்லாம் மெஷின் பூட் ஆகும்போதே எழுந்து, நெட்வொர்க்கில் காதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ராமென் என்றொரு வோர்ம் வந்தது. 6.2-இல் எஃப்டிபி, ஸ்டாட்டிடி வழியாகவும், 7.0-இல் பிரிண்டர் சேவை வழியாகவும் நுழைந்தது. இணையதளத்தின் முகப்பை மாற்றி, நூடுல்ஸ் புகழ் பாடி வைத்துவிட்டு அடுத்த மெஷினைத் தேடிப் போனது. இந்த ஓட்டைகளுக்கு 2000-லேயே பேட்ச் வந்தாச்சு! ஓடுவதே தெரியாத சேவைக்கு யார் பேட்ச் போடுவார்கள்? வேடிக்கை என்னவென்றால், தான் நுழைந்த வழியை அந்த வோர்மே அடைத்துவிட்டுப் போனது. நிர்வாகி செய்யாத வேலையைத் திருடன் செய்தான்.

மருந்து அன்றே கையில் இருந்தது. ஆர்சி3.டி டைரக்டரியில் 'எஸ்' என்று தொடங்கும் இணைப்புகள் சேவையை எழுப்பும். 'கே' என்று தொடங்குபவை நிறுத்தும். செக்கான்ஃபிக் கட்டளையில் 'ஆஃப்' என்று சொன்னால் போதும், அடுத்த பூட்டில் எழாது.

2010-இல் சிஸ்டம்டி வந்தது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'டிஸேபிள்' என்றால் அடுத்த பூட்டில் தானாக எழாது, அவ்வளவுதான். இப்போது ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். 'ஸ்டாப்' தனியாகச் சொல்லணும். அதற்கென சாக்கெட் யூனிட் இருந்தால், யாராவது கதவைத் தட்டியதும் மறுபடி எழுந்துகொள்ளும். அறவே கூடாதென்றால் 'மாஸ்க்'.

பழங்கதைதானே என்று எண்ணவேண்டாம். 2024 செப்டம்பரில் கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சேவையில் ஓட்டை வெளியானது. நெட்வொர்க்கில் பிரிண்டர்களைத் தேடுவது அதன் வேலை. யுடிபி 631-இல் வரும் எந்த அறிவிப்பையும் நம்பி, போலி பிரிண்டரையும் சேர்த்துக்கொள்ளும். சொன்ன வைத்தியம் அதேதான்: தேவையில்லையா, நிறுத்தி டிஸேபிள் செய்.

தம்பிகளே, இன்றே உங்கள் சர்வரில் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆர்வக் கோளாறில் எஸ்எஸ்ஹெச்சை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அப்புறம் டேட்டா சென்டருக்கு ராத்திரி பஸ் பிடிக்க வேண்டியதுதான்.