ஒரு பைசாத் தமிழன்

திராவிட அரசியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1916-இல், நீதிக்கட்சியின் தோற்றத்திலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1891-இல், திராவிட மகாஜன சபையைக் கண்டவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). தொழிலால் சித்த மருத்துவர்.

1892-இல் சென்னை விக்டோரியா ஹாலில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகச் சென்றவர், சிவன், விஷ்ணு ஆலயங்களில் தம் மக்களை ஏன் அனுமதிக்கலாகாது என்று வினவினார். அவையில் கூச்சல். உங்களுக்குக் காட்டேரியும் கருப்பனும் உண்டே என்று பதில் வந்தது. அப்படியாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் தரச் செய்யுங்கள் என்றார் பண்டிதர். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் ஒரு முழு அரசியல் திட்டம் அதில் இருக்கிறது.

1898-இல் பௌத்தம் தழுவினார். 1907 ஜூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்க வார இதழ் தொடங்கினார். விலை ஒரு பைசா; பெயரும் 'ஒரு பைசாத் தமிழன்'. மறு ஆண்டு வெறும் 'தமிழன்' ஆயிற்று. பண்டிகைகளையும் ஔவையையும் குறளையும் பௌத்த வழிநின்று அதில் அவர் மறுவாசிப்புச் செய்தார். அவருடைய சொல்லாராய்ச்சி பல இடங்களில் நமக்கு ஏற்புடையதன்று. எனினும், இழிந்தோர் எனப்பட்டவர்களே இந்நிலத்தின் பூர்வகுடிகள் என்று நிறுவ அவருக்குக் கையிலிருந்த ஆயுதம் தமிழ்ப் புலமை ஒன்றுதான்.

அவ்வெழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டையிலிருந்து இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த ஆண்டு 1999. பண்டிதர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.