வராமல் போன கழுதை

போன மாதம் அண்ணனின் பேத்தி வந்து இரண்டு நாள் தங்கியிருந்தாள். பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. சாப்பிடும்போது தட்டுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்து ஒரு வெளிநாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆஸ்கார் லிஸ்ட்ல பத்து படம் தாத்தா. ஏழு முடிச்சுட்டேன், இன்னும் மூணு பாக்கி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் வயதில் நானும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் ஒரே ஒரு படம் முப்பது வருஷத்துக்கு மேல் பாக்கியாக இருந்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

1978இல் பாங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எல்டாம்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. ஆபீஸ், பாங்கிங் பரீட்சைக்குப் படிப்பு, ரேஷன் கடை, தங்கை கல்யாணத்துக்குச் சீட்டு என்று நாட்கள் ஓடின. அதற்கு நடுவில் எனக்கு ஒரு பைத்தியம். தேசிய விருது அறிவிப்பு பேப்பரில் வந்ததும் பட்டியலை டைரியில் எழுதிக்கொள்வேன். பார்த்த படத்துக்கு எதிரே ஒரு டிக்.

தமிழ்ப் படங்களுக்கு டிக் போடுவது சுலபம். 'அபூர்வ ராகங்கள்', 'பசி', 'தண்ணீர் தண்ணீர்' எல்லாம் தியேட்டருக்கு வந்த படங்கள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து மேட்னிக்கு ஓடினால் போதும். மற்ற மொழிப் படங்கள்தான் கஷ்டம். கன்னடப் படத்தையும் வங்காளிப் படத்தையும் மெட்ராஸில் யார் திரையிடுவார்கள்? பிலிம் சொசைட்டிக்காரர்கள் எங்காவது ஒரு பிரிவியூ தியேட்டரில் ஒரு மாலை போடுவார்கள். விட்டால் போச்சு. நல்ல வேளையாக எங்கள் பேட்டையிலேயே, கஸ்தூரி ரங்கா ரோட்டில், சோவியத் கலாசார மையம் இருந்தது. ஆஸ்கார் பட்டியலுக்குப் போன ருஷ்யப் படமான 'தி டான்ஸ் ஹியர் ஆர் கொயட்' அங்கேதான் பார்த்தேன். ஐந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோகும் யுத்தக் கதை. வெளியே வந்து வீடு வரை நடந்தேன். வழியில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

பிறகு தூர்தர்ஷன் வந்தது. மெட்ராஸ் நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது என்றாலும் எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது எண்பதுகளில்தான். ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்களே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சாப்பிட்டுப் படுக்கும் நேரம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அம்மா "ஒரே இருட்டா இருக்கு, யாரும் பேசவே மாட்டேங்கறா" என்று பாதியில் தூங்கிப்போவாள். அப்பா மட்டும் ஈசிசேரில் கடைசி வரை உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்தப் படத்தையும் முழுசாகப் பார்க்காமல் குறை சொல்ல மாட்டார். ஒரே ஒரு படத்தைத் தவிர.

1977ஆம் வருஷத்துக்கான விருதுகளில் மிகச் சிறந்த படமாகத் தங்கத் தாமரை பெற்றது கிரீஷ் காசரவள்ளியின் கன்னடப் படம் 'கடஸ்ராத்த'. பிராமண விதவை ஒருத்தியின் கதை. சிறந்த தமிழ்ப் படம் 'அக்ரகாரத்தில் கழுதை'. இயக்கியவர் ஜான் ஆபிரகாம். கேரளத்துக்காரர், புனா இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர், ரித்விக் கட்டக்கின் மாணவர். கதையை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். புரொபசராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கிய அதே எம்.பி.எஸ்.

நான் கன்னடப் படத்தை ஒரு சொசைட்டித் திரையிடலில் பார்த்துவிட்டேன். நம் தமிழ்ப் படம்தான் கண்ணில் படவே இல்லை. சாதாரணப் படம் போல ஊரெங்கும் வெளியாகி ஓடிய படமில்லை அது. டைரி மாறும்போதெல்லாம் அந்த ஒரு பெயரைப் புது டைரிக்கு எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

1989இல் தூர்தர்ஷனில் அது வரப்போகிறது என்று தெரிந்தது. எனக்குக் கல்யாணமாகி, பெண் பிறந்து, ஆசையெல்லாம் சற்றுத் தணிந்திருந்த காலம். ஆனாலும் மனசு துள்ளியது. அப்பாவிடம் சொன்னேன்.

"கழுதைக்கு நடமாட வேற தெருவே கிடைக்கலையாடா?" என்றார்.

அடுத்த நாள் தெருவில் யாரோ ஆட்சேபக் கடிதம் எடுத்து வந்தபோது அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபம் பொங்கியது. "பாக்காமலே கையெழுத்துப் போடறேளே, நீங்க வாத்தியாரா இருந்தவர்தானே?" என்று கேட்டுவிட்டேன். அந்த மாதிரி அப்பாவிடம் அதற்கு முன் பேசியதில்லை. அவர் மெதுவாகத்தான் பதில் சொன்னார். "முப்பது வருஷமா நம்மளைக் கேலி பண்றதைப் பாத்துண்டிருக்கேன். பேர்லயே கழுதைன்னு வச்சிருக்கான். உள்ள என்ன பெருசா மரியாதை இருக்கப்போறது?" அவர் குரலில் கோபத்தை விட அலுப்புதான் இருந்தது. அன்று அது என் காதில் ஏறவில்லை.

எதிர்ப்புகள் வந்தன, ஒளிபரப்பு ரத்தானது. ஜான் 1987இலேயே காலமாகிவிட்டார். எம்.பி.எஸ். 1988இல். தங்கள் படத்துக்காக வாதாட இருவருமே இல்லை. எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அம்மாதான் நடுவில் காபி டம்ளரோடு அலைந்தாள். பிறகு பேசினோம், ஆனால் அந்தப் படத்தைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. 1998இல் அப்பா போய்ச் சேர்ந்தார்.

ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் ஒரு மதியம், இன்டர்நெட்டில் தற்செயலாக அந்தப் படம் கிடைத்தது. கறுப்பு வெள்ளை.  தாயை இழந்த ஒரு கழுதைக் குட்டியை ஒரு புரொபசர் எடுத்து வளர்க்கிறார். காலேஜில் கேலி செய்கிறார்கள். சொந்த ஊர் அக்ரகாரத்தில் கொண்டு விடுகிறார். ஊமைப் பெண் உமா அதைப் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் எது நடந்தாலும் பழி கழுதை மேல். அவளுக்கு இறந்து பிறந்த குழந்தையைக் கோயில் வாசலில் போட்டுவிட்டுப் போனதற்கும் கழுதைதான் காரணமென்று அடித்துக் கொல்கிறார்கள். பிறகு ஊரில் நல்லது நடந்ததும் அதே கழுதையைத் தெய்வமாக்கிக் கோயில் கட்டக் கிளம்புகிறார்கள்.

படத்தில் கேலி இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது, காரமாகவே இருக்கிறது. அப்பா பார்த்திருந்தால் சில இடங்களில் முகம் சுளித்திருப்பார். ஆனால் அந்த ஊமைப் பெண் வரும் இடத்தில் எழுந்து போயிருக்க மாட்டார். எனக்கு அவரைத் தெரியும்.

முடிந்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று விசாரிக்காமல் ஒரு ஜீவன் மேல் பழி போடுவது பற்றிய படம். அதை அப்பா பார்க்காமல் எதிர்த்தார். நான் மட்டும் என்ன, பார்க்காமல்தானே ஆதரித்தேன்? விருது கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர அன்று என் கையில் வேறென்ன இருந்தது? இரண்டு பேரும் பார்க்காத ஒரு படத்துக்காக ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறோம். அது அன்று டிவியில் வந்திருந்தால் பார்த்துவிட்டாவது சண்டை போட்டிருப்போம். ரத்து செய்தவர்கள் அந்தச் சண்டையையும் சேர்த்தல்லவா எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்!

பழைய டைரியைத் தேடி எடுத்து டிக் போட்டேன். பேனா எழுதவில்லை, இரண்டு தடவை உதறிய பிறகுதான் எழுதியது.

பேத்தி கிளம்பும்போது சொன்னேன்: "அந்த மூணு படத்தில் ஒண்ணை மட்டும் உங்கப்பாவோட உக்காந்து பாரு." "அப்பாவுக்குப் பிடிக்காது தாத்தா, சண்டை போடுவார்" என்றாள். "போடட்டும், நீயும் போடு" என்றேன்.